அறுநூற்றுப் பன்னிரண்டாவது இடம்

— தொட மாட்டேன்னா தொட மாட்டேன்.

— ஒரு விரல் போதும் அண்ணி. கடிச்சா வைக்கப்போகுது?

— கடிச்சு முடிச்சாச்சு. அறுநூத்திப் பன்னெண்டு டிரைவர்ல என்னை அறுநூத்திப் பன்னெண்டாவதா நிறுத்தி வச்சது இந்தத் திரைதானே? பதினாலு வருஷமா பஸ் ஓட்டறேன். ஒரு சைக்கிள் மேலகூட உரசினது கிடையாது. இதை வேற நான் தடவிக் கொடுக்கணுமா?

— அதாவது… திரை நிறுத்தல அண்ணி. நான் எழுதின கணக்கு நிறுத்துச்சு.

— ம்க்கும். சொந்த நாத்தனார். வேற எவளாவது எழுதியிருந்தா வாய் நிறைய திட்டியாவது இருப்பேன்.

— திட்டுங்க, தாங்கிக்கறேன். ஆனா இப்ப மணி பத்து. பதினோரு மணிக்கு மாடியில விசாரணை. உங்க கையிலிருந்து ஸ்டியரிங்கை வாங்கிட்டு டயர் கிடங்குல உட்கார வைக்கலாமான்னு முடிவு பண்ணப் போறாங்க.

— டயர் கிடங்காம். அந்த ரப்பர் வாடையில உட்கார்ந்து நான் யாருக்கு ஹாரன் அடிக்கறது? கேளு, பஸ்ஸைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. அதை எடுத்துட்டா நான் காலி. அவ்வளவுதான் விஷயம்.

— தெரியும் அண்ணி. அதனாலதான் கூப்பிட்டேன். மேனேஜர் காலைல தானாவே போன் பண்ணி, இந்த அறையைத் திறந்துக்கோங்க, உங்க அண்ணியோட ஒரு மணி நேரம் உட்காருங்கன்னார். ஏன்னு கேட்டா, உட்காருங்கன்னு மறுபடியும் அதையே சொன்னார்.

— பாவம் பார்த்திருப்பார். தூக்கறதுக்கு முன்னாடி கடைசி ஆசை கேட்பாங்களே, அந்த மாதிரி.

— அண்ணன் வந்து விட்டுட்டுப் போனாரா?

— யாரு, முதல் இடமா? அந்த மனுஷன் அஞ்சரைக்கே கிளம்பிட்டார். டிப்போ வாசல்ல மாட்டியிருக்கற தன் போட்டோவுக்கு முன்னாடி நின்னு தலை சீவிக்கிட்டிருப்பார். சாயந்திரம் சிறந்த டிரைவர் பரிசு இல்ல? நேத்து முழுக்க இஸ்திரி போட்ட சட்டையை மட்டும் மறந்து ஆணியிலேயே விட்டுட்டுப் போயிட்டார். வேணும்.

— வீட்டுல ரொம்பப் படுத்தறாரா?

— மூணு மாசமா சோத்துத் தட்டு முன்னாடி பாடம். “பிரேக்ல காலைப் பஞ்சு மாதிரி வைக்கணும்.” நான் ரசம் கேட்டா பஞ்சு. உப்பு கேட்டா பஞ்சு. ஒரே வீட்டுல முதல் இடமும் கடைசி இடமும் குடும்பம் நடத்தறது லேசுன்னு நினைச்சியா?

— சரி, இந்தத் திரையைப் பாருங்க. மூணு வருஷம். ஒவ்வொரு பஸ்லயும் ஒரு பெட்டி வச்சிருக்கோம். திடீர்னு பிரேக் போட்டா ஒரு புள்ளி. மொத்தம் பதினாலு லட்சம் புள்ளி.

— அடேயப்பா! இது நம்ம ஊரா? ரோடே போடாம ரோடு தெரியுதே! இது மேம்பாலம்… இது மார்க்கெட் சந்து… இதோ பழைய சினிமாக் கொட்டகை திருப்பம். எல்லாம் புள்ளியாவே இருக்கு.

— ரோடு நான் போடவே இல்ல. பிரேக் போட்டுப் போட்டு நீங்க எல்லாரும் வரைஞ்சது.

— நல்லாத்தான் வரைஞ்சிருக்கோம். அந்த ஓரத்துல வட்டமா இருக்கே?

— கடிகாரம். கீழ இருக்கறது காலண்டர். வலது பக்கம் டிரைவர் பட்டியல். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கட்டியிருக்கு. மேப்ல ஒரு தெருவைப் பிடிச்சா, கடிகாரம் அந்தத் தெருவோட நேரத்தை மட்டும் காட்டும். பட்டியல்ல ஒருத்தரைத் தொட்டா, மேப்ல அவங்க புள்ளி மட்டும் நிக்கும். தொட்டுப் பாருங்க.

— தொட மாட்டேன்னு சொன்னேன்ல… சரி, எங்க தொடணும்?

— பட்டியல்ல அடி மட்டத்துல. உங்க பேர்.

— எனக்கு வழி தெரியும், விடு. ஆ! ஊரே அணைஞ்சு போச்சு. என்னது மட்டும் நிக்குது.

— விரலை அகட்டுங்க, பெருசாகும். இன்னும்… பாருங்க, இங்கயும் அங்கயும் தூவின மாதிரி கொஞ்சம். மிச்சம் எல்லாம் ஒரே இடத்துல குவிஞ்சு கிடக்கு. இந்த ஒரு குவியலாலதான் நீங்க கடைசி இடம். இது என்ன இடம் அண்ணி?

— இது கூடவா தெரியல? ஆஸ்பத்திரி வளைவு. பதினாலாம் நம்பர் வழி. ஆஸ்பத்திரியோட பின்பக்கச் சுவர் ஆள் உயரத்துக்கு மேல இருக்கும். அதை ஒட்டி ரோடு சட்டுனு வளையுது. வளைவு முடியற இடத்துல ஆஸ்பத்திரியோட பின்பக்க கேட். உள்ள இருந்து வர்றவங்க நேரா ரோட்டுலதான் காலை வைக்கணும்.

— நீங்க ஏன் அங்க பிரேக் போடறீங்க?

— அங்க இல்ல. அதுக்கு முன்னாடி. லைட் கம்பம் ஒண்ணு சாஞ்சு நிக்கும், அது கிட்ட வந்ததும் அழுத்தி ஒரு பிரேக். நிக்கிறவங்க முனகுவாங்க, “டிரைவரம்மா, மெதுவா”ம்பாங்க. முனகட்டும். அதுக்கப்புறம் வளைவுல மாடு நடக்கற மாதிரி போவேன். கேட்ல இருந்து யார் வந்தாலும் எனக்கு நேரம் இருக்கும். கட்டுப் போட்ட காலோட வர்றவங்களும், ஸ்கேன் படத்தைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்துக்கிட்டே வர்றவங்களும், அழுதுக்கிட்டே வர்றவங்களும்… யாராவது பஸ் வருதான்னு பார்ப்பாங்களா? பதினாலு வருஷமா ஒரு நடை விடாம அந்தக் கம்பத்துகிட்ட காலை வச்சுட்டுத்தான் போறேன்.

— ஒரு நாளைக்குப் பத்து நடை. அதான் இந்தக் குவியல். அண்ணி, இது ரொம்ப நல்ல பதில். ஆனா விசாரணையில அடுத்த கேள்வி வரும். மத்தவங்க ஏன் அங்க பிரேக் போடறதில்லன்னு.

— யார் சொன்னா?

— பாருங்க. வளைவை மட்டும் பிடிச்சுக்கறேன். உங்களை எடுத்துடறேன். பதினாலாம் நம்பர் ஓட்டற மத்த நாப்பது பேர்… இவ்வளவுதான். அங்கொண்ணு இங்கொண்ணு. அண்ணன் பேர்ல ஒண்ணுகூட இல்ல.

— இது பொய்.

— அண்ணி, பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

— அப்ப உனக்குத் தெரியும். கோபப்படாத, கேளு. பன்னெண்டு மீட்டர் பஸ்ஸை அந்த வளைவுல பிரேக் போடாம திருப்பவே முடியாது. திருப்பினா நேரா ஆஸ்பத்திரிக்குள்ளதான் போவாங்க, சுவரை இடிச்சுக்கிட்டு. நாப்பது பேரும் பறந்தா போறாங்க? மூணு வருஷமா?

— மெதுவா பிரேக் போட்டிருக்கலாம். பஞ்சு மாதிரி.

— பஞ்சைப் பத்தி என்கிட்ட பேசாத! உங்க அண்ணன் பஸ்ல நான் பயணியா ஏறியிருக்கேன். கம்பியைக் கட்டிப் பிடிச்சும் கை வலிச்சது. வீட்டுல பஞ்சு, ரோட்டுல இரும்பு.

— இருங்க, வேற விதமா பார்க்கலாம். பஸ் நம்பரை வச்சுப் பிரிக்கறேன். உங்க பஸ்ஸோட பிரேக் பழசா இருந்தா…

— நாலு பஸ் மாத்தி மாத்தி ஓட்டறேன். பாரு, நாலுலயும் அதே குவியல். அது இல்ல.

— மழை நாள்?

— காலண்டரை நான் இழுக்கறேன், நீ கையை எடு. மழை மாசம்… வெயில் மாசம்… ஒரே மாதிரி. அதுவும் இல்ல.

— அண்ணி, நீங்க ஸ்டியரிங் பிடிக்கற மாதிரியே அதைப் பிடிக்கறீங்க.

— வேற எப்படிப் பிடிப்பாங்க? இதுவும் வண்டிதானே. திருப்பினா திரும்புது. ஏய், இந்த மூலையில சாம்பல் கலர்ல ஒரு பொத்தான் இருக்கே. அது எதுக்கு?

— அது ஒண்ணும் இல்ல. குப்பை.

— என்ன குப்பை?

— அதாவது, முதல் வருஷம் பெட்டியைச் சரியா முடுக்கல. ரோட்டுக் குழியில பஸ் குதிச்சா பெட்டியும் குதிக்கும். நம்பவே முடியாத பெரிய எண் வரும். அதனால நான் ஒரு கோடு கிழிச்சேன். அந்தக் கோட்டுக்கு மேல வர்ற பிரேக் எல்லாம் மெஷின் கோளாறு. பட்டியலுக்குப் போகாம நேரா குப்பைக்கு.

— எவ்வளவு பெரிய எண்?

— பஸ்ல இருக்கறவங்க எல்லாரும் முன்னாடி போய் விழற அளவுக்கு. அப்படி யாரும் பிரேக் போட மாட்டாங்க.

— போட மாட்டாங்களா? நீ எப்பவும் ஸ்கூட்டர்ல வர்ற. பஸ்ல ஏறியே வருஷக்கணக்காச்சு, அதான் இப்படிப் பேசற.

— …அண்ணி.

— குப்பையைத் திற.

— இருங்க… நாப்பத்தி ரெண்டாயிரம் புள்ளி இருக்கு. இதை யாரும் திறந்து பார்த்ததே இல்ல. நான்கூட.

— மூணு வருஷமாவா? வீட்டுக் குப்பையைக்கூட வண்டிக்காரர் ஒரு பார்வை பார்த்துட்டுத்தான் எடுக்கறார். திற.

— திறந்துட்டேன்.

— அடக் கடவுளே, இவ்வளவா!

— அண்ணி…

— நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

— மெஷின் கோளாறுன்னா ஊர் முழுக்கச் சமமா தூவியிருக்கணும். குழி எங்கயும் இருக்கு. ஆனா இங்க பாருங்க, அங்கங்க கொஞ்சம் தூவல், அது குழிதான், அது குப்பைதான். ஆனா இந்த மூணு இடம்…

— மேம்பாலத்து இறக்கம். பள்ளிக்கூட முக்கு. ஆஸ்பத்திரி வளைவு. சொன்னேனா இல்லையா!

— வளைவுல மட்டும் மூவாயிரத்துத் தொள்ளாயிரம். ஒரு குழி இவ்வளவு செய்யாது. இருங்க, கடிகாரம்… நாலு மணியிலிருந்து அஞ்சரைக்குள்ள முக்கால்வாசி.

— பார்வையாளர் நேரம் முடிஞ்சு ஜனங்க கேட்டுல வர்ற நேரம். குழிக்குப் பார்வையாளர் நேரம் தெரியுமா? இன்னொண்ணு பாரு. புள்ளி எங்க விழுந்திருக்கு? கம்பத்துகிட்டயா?

— இல்ல. கம்பம் தாண்டி… கேட்டுக்கு நேரா. பிரேக் விழுந்ததும் வேகம் சைபர். பஸ் நின்னே போயிருக்கு. அண்ணி, இது பெட்டி குதிச்சது இல்ல. ஆள் மேல ஏறாம கடைசி நொடியில பிடிச்சது.

— கேட்டுக்கு நேரா. மூவாயிரத்துத் தொள்ளாயிரம் தடவை. ஒவ்வொண்ணும் ஒரு ஆள்.

— இதுல உங்க பேரைத் தேடறேன். …ஒண்ணு இல்ல. மூணு வருஷம், ஒண்ணுகூட இல்ல! அண்ணி, நீங்க முன்னாடியே, அளவா போட்டீங்க, அது கோட்டுக்குக் கீழ இருந்ததால அத்தனையும் எண்ணிட்டேன். அவங்க கடைசியில, பயங்கரமா போட்டாங்க, அது கோட்டைத் தாண்டினதால அத்தனையும் தூக்கிப் போட்டுட்டேன். பட்டியல் தலைகீழா நிக்குது. நான்தான் தலைகீழா நிறுத்தினேன். உங்களை… என் கையால…

— ஏய். அழறதுன்னா அப்புறமா அழு, இப்ப மணி பத்தே முக்கால். மூக்கைத் துடை. கோடு கிழிச்சதும் நீதான், அதைத் திறந்ததும் நீதான். நான் இல்லன்னு சொல்லித் தப்பிச்சுக்காம உட்கார்ந்திருக்கே பாரு, அது போதும் எனக்கு. உன்மேல கோபமே வரல. வந்தா மொத்தமா தீபாராதனை காட்டறேன், இப்ப சந்தோஷமா இருக்கு. கம்பத்துகிட்ட காலை வச்சது சரிதான்! பதினாலு வருஷமும் சரிதான்!

— உங்களுக்கு அது தெரிஞ்சதுதானே அண்ணி.

— தெரியும்தான். ஆனா மூணு மாசமா யாரும் கூட இல்லாம தெரிஞ்சுக்கிட்டிருந்தேன். அது கஷ்டம். சரி, குப்பையில யார் யார் இருக்காங்க? பேரை வரிசையா விடு.

— வேண்டாம் அண்ணி.

— விடுன்னா.

— …வளைவுல அதிகமா இருக்கறவருக்கு இருநூத்திப் பதினொண்ணு.

— இது…

— ஆமா.

— பஞ்சு.

— அண்ணன் பேர்ல சின்ன பிரேக்கே இல்ல. எல்லாம் கோட்டுக்கு மேல. அதனாலதான் முதல் இடம்.

— இருநூத்திப் பதினொரு தடவை. ஒரு தடவைகூட வீட்டுல சொன்னதில்ல அந்த மனுஷன். இருநூத்திப் பதினொரு சாயந்திரம் வந்து, கை கால் கழுவிட்டு, எனக்குப் பஞ்சுப் பாடம் நடத்தியிருக்கார்.

— இதைக் காட்டினா இன்னிக்கு நாலு மணிக்குப் பரிசு கிடையாது. வாசல்ல இருக்கற போட்டோ…

— பேரை மறை.

— என்ன?

— எல்லார் பேரையும் மறை. என் பேர் மட்டும் இருக்கட்டும். என்னைக் கேட்டுக்கிட்டுத்தானே என் பேரைக் கடைசியில போட்டாங்க? மத்தவங்களுக்கு அப்படி ஆக வேண்டாம். எனக்கு ஸ்டியரிங் வேணும், அந்தச் சுவர் இடியணும். அவர் முகம் சின்னதாகறதைப் பார்க்கணும்னு நான் வரல.

— நேத்து வரைக்கும் அதைத்தான் பார்க்கணும்னீங்க.

— நேத்து பேசினது நேத்தோட. மறைச்சியா?

— மறைச்சுட்டேன். கதவு… சார்! உள்ள வாங்க சார். இன்னும் பத்து நிமிஷம் இருக்கே.

— இருக்கட்டும்மா. மாடியில விசாரணைக்கு மத்த ரெண்டு பேரும் உட்கார்ந்துட்டாங்க. நான்தான் இறங்கி வந்துட்டேன். என்னம்மா டிரைவரம்மா, ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா?

— சொல்ல ஒண்ணும் இல்ல சார். நீங்க மேனேஜர், விரலைக் கொடுங்க.

— விரலா?

— கடிக்காது சார், நானும் முதல்ல பயந்தேன். இந்த வளைவைப் பிடிங்க. ஆஸ்பத்திரிச் சுவர் தெரியுதா? இப்ப இந்தச் சாம்பல் பொத்தான்.

— சரி, சரி… ஓ! இது என்ன, இவ்வளவு சிவப்பு?

— நாங்க சொன்னா நாத்தனாரும் அண்ணியும் கூட்டுன்னு ஆயிடும். நீங்களே ஓட்டிப் பாருங்க. கடிகாரத்தைத் திருப்புங்க.

— நாலு மணி… நாலே கால்… இது பின்பக்க கேட் இல்ல? என் மாமியாரை அங்கதான் டிஸ்சார்ஜ் பண்ணிக் கூட்டிக்கிட்டு வந்தோம். வீல்சேர் நேரா ரோட்டுல இறங்கிடுச்சு. நல்ல வேளை அன்னிக்கு ஒரு பஸ் முன்னாடியே மெதுவாச்சு.

— என்ன கிழமை சார்?

— ஞாபகம் இல்லம்மா. ஏன்?

— சும்மா கேட்டேன்.

— சார், இது நான் பண்ணின தப்பு. பெரிய பிரேக் எல்லாம் மெஷின் கோளாறுன்னு ஒதுக்கிட்டேன். எழுத்துல கொடுத்துடறேன். இப்ப அந்தக் கோட்டை நீங்களே மேல இழுங்க. ஒரு பெரிய பிரேக்குக்குப் பல நூறு சின்ன பிரேக்கோட எடை, அதனால பட்டியல் கூடவே மாறும்.

— இப்படியா? அட, ஓடுதே! எல்லா வரியும் இடம் மாறுது. இந்த மஞ்சள் வரி எங்க ஏறிக்கிட்டே போகுது?

— அது அண்ணி சார்! அறுநூறு… நானூறு… நூத்திப் பத்து… நில்லு நில்லு… ஒம்பது! அண்ணி, ஒம்பதாவது இடம்!

— ஒம்பதா? முன்னாடி இருக்கற அந்த எட்டுப் பேர் யாரு?

— அண்ணி!

— இல்ல, தெரிஞ்சுக்கலாமேன்னு கேட்டேன்.

— பாருங்கம்மா, மாடியில நான் பேச வேண்டியது ஒண்ணுதான். விசாரணை முடிஞ்சது. நாலு மணி நடையை நீங்களே எடுங்க. ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கே கடிதம் போகும். சுவரை இடுப்பு உயரத்துக்கு இறக்கணும், கேட்டை உள்ள தள்ளணும். அதுவரைக்கும் பதினாலாம் நம்பர்ல யாரா இருந்தாலும் உங்க கம்பத்துகிட்ட பிரேக் போட்டே ஆகணும். ஆர்டர்ல அப்படியே எழுதறேன்: சாஞ்ச கம்பம்.

— சார், முனகுவாங்க.

— முனகட்டும்மா.

— அதைத்தான் நானும் சொன்னேன். ஏய் நாத்தனாரே, இப்ப அழலாம், நேரம் இருக்கு. நானும் கூட அழறேன்.

— சரி, சரி. ஒண்ணு கேட்கணும்மா. இந்தப் பட்டியல்ல உங்க வரி தவிர எல்லாப் பேரும் மறைஞ்சிருக்கு. யார் சொல்லி மறைச்சீங்க?

— நான்தான் சார். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க.

— வளைவுல இருநூத்திப் பதினொண்ணுன்னு ஒரு வரி கீழ இறங்கிக் கிடக்கே.

— யாரோ ஒருத்தர் சார். கெட்ட மனுஷன் இல்ல. அவசரக்காரர். நீங்க கேட்டாலும் பேரைச் சொல்ல மாட்டேன்.

— கேட்க வேண்டிய அவசியம் இல்லம்மா. காலைல ஆறு மணிக்கு என் வீட்டு வாசல்ல கசங்கின சட்டையோட வந்து நின்னு, பரிசுக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு, “அந்த வளைவுல நான் அடிக்கற பிரேக் ஒண்ணுகூட உங்க பட்டியல்ல வரல சார், எனக்கு ஏன்னு தெரியல, அவளை அந்தத் திரை முன்னாடி ஒரு மணி நேரம் உட்கார வைங்க, அவ கண்டுபிடிச்சுடுவா, ஆனா நான் வந்ததை மட்டும் சொல்லிடாதீங்க”ன்னு சொல்லிட்டுப் போனாரே, உங்க வீட்டுக்காரர்.